புகழ் வேஷமும் காதல் முடிச்சும்

வைத்தி, எழுத்தாளர் பைரவன் ஆனது 1959-இல். ஸ்ரீதரின் ‘கல்யாண பரிசு’ படத்தில், வேலை வெட்டி இல்லாத வைத்தியாக வரும் தங்கவேலு, மன்னார் அண்டு கம்பெனியில் உத்தியோகம் என்று ஒரு பொய் சொல்வார். பேர்பெற்ற எழுத்தாளர் பைரவன் தாம்தான் என்று இன்னொரு பொய் சொல்வார். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. மனைவியின் கண்ணில் உயர வேண்டும். மனைவியாக வரும் எம். சரோஜா அதை நம்பிப் பூரிக்கும்போதெல்லாம் வைத்தியின் கழுத்தில் சுருக்கு இன்னும் கொஞ்சம் இறுகும். படத்தின் மூலக்கதை கண்ணீர்க் கதை. அதற்குள் ஒட்டாமல் ஓடிய இந்தக் கிளைக்கதைதான் மன்னார் அண்டு கம்பெனியை ஊர்ப்பேச்சில் நிரந்தரமாக உட்கார வைத்தது.

புகழ் வேஷத்தை மையமாக வைத்த காதல் நகைச்சுவைக்குத் தமிழில் எத்தனை வழிகள் உண்டு, அவற்றுள் கதைக்கட்டு எப்படி அமைகிறது என்று எழுதித்தரும்படி அண்ணனூர் நாடக மன்றத்தின் மலர்க் குழுவினர் கேட்டிருந்தார்கள். மன்றத்தின் மூத்தவர்கள் இந்த வழிகளில் ஊறியவர்கள். சுகுண விலாச சபையிலிருந்து தொடங்கி ‘சபாபதி’யை விளக்கி அவர்கள் நேரத்தை வாங்க வேண்டியதில்லை. நேராக முடிச்சுக்கே போகலாம்.

வழிகள் முக்கியமாக நான்கு. இல்லாத புகழைப் பூசிக்கொள்வது முதலாவது. இருக்கிற புகழைக் கழற்றி வைத்துவிட்டு வருவது இரண்டாவது. பிறர் புகழின்மேல் மையல் கொள்வது மூன்றாவது. புகழ் வந்து சேர்ந்தும் காதல் வந்து சேராதது நான்காவது. நான்காவதை நகைச்சுவைக் கணக்கில் சேர்க்கலாமா என்ற வாக்குவாதம் மன்றத்தில் இன்றும் தீரவில்லை. பாலசந்தர் மேடைக்கு எழுதி, பிறகு கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில் ஏவிஎம் 1964-இல் எடுத்த ‘சர்வர் சுந்தரம்’ அந்த வகை. ஓட்டல் சர்வர் பெரிய நடிகராகிறார். ஆனால் ராதாவின் மனம் சர்வரிடமும் இல்லை, நடிகரிடமும் இல்லை. அது நண்பன் ராகவனிடம் இருக்கிறது. அவள் காட்டிய பரிவைக் காதல் என்று நினைத்த பிழையின்மேல்தான் முழுக் கட்டடமும் நிற்கிறது. சிரித்துக்கொண்டே போய்த் தொண்டை அடைத்து வெளியே வரும் படம் அது. அதைக் காதல் நகைச்சுவை என்று அழைக்க முடியாவிட்டாலும், அதைப் படிக்காமல் இந்த வகையை எழுத வருகிறவருக்கு இடைவேளை எங்கே விழ வேண்டும் என்று தெரியாது.

இரண்டாவது வழிக்கு ‘அன்பே வா’வைத் தாண்டி ஓர் உதாரணம் தேட வேண்டாம். 1966 பொங்கலுக்கு வந்தது, ஏ.சி. திருலோகசந்தர் இயக்கம், ‘கம் செப்டம்பர்’ என்ற 1961-ஆம் ஆண்டு ஆங்கிலப் படத்தின் சாயல். ஊரே மாலையும் கையுமாக வரவேற்கும் பெரும் பணக்காரர் ஜே.பி., நிம்மதி தேடி சிம்லாவில் இருக்கும் தம் பங்களாவுக்கு வருகிறார். அங்கே வேறொரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது. சொந்த வீட்டிலேயே பாலு என்ற பெயரில் அவரும் குடியேறுகிறார். எம்.ஜி.ஆர். என்ற பெரும் பிம்பம், பிம்பம் இல்லாத ஓர் ஆளாக நடித்துக் காட்டியதுதான் அந்தப் படத்தின் இரட்டிப்புச் சுவை. சரோஜாதேவி அவரிடம் மூஞ்சியைக் காட்டும் ஒவ்வொரு முறையும் ரசிகருக்கு மட்டும் உண்மை தெரியும். ‘ரோமன் ஹாலிடே’யின் வழியில் வந்த ‘மே மாதம்’ (1994) இதே கிளைதான்.

மூன்றாவது வழி அபூர்வம். ரிஷிகேஷ் முகர்ஜியின் ‘குட்டி’ 1971-இல் இந்தியில் வந்தது. தர்மேந்திராவின்மேல் பித்தான பள்ளி மாணவியை, அந்தத் தர்மேந்திராவின் துணையோடே பித்தம் தெளிய வைப்பார்கள். முக்தா சீனிவாசன் அதை 1975-இல் ‘சினிமா பைத்தியம்’ ஆக்கினார். ஜெயசித்ரா மாணவி; ஜெய்சங்கர், ஜெய்சங்கராகவே வந்தார். கதாநாயகன் தன் பிம்பத்தைத் தானே உடைக்க ஒத்துக்கொள்வது சாதாரணக் காரியம் அல்ல. அதிலும் அடி வாங்கும் ஸ்டன்ட் ஆள், செட்டின் மேலே வேர்த்துக்கொண்டு விளக்குப் பிடிக்கும் தொழிலாளி, பொய் மழை என்று திரைக்குப் பின்னால் இருப்பதைக் காட்டித் தெளிய வைக்கும் உத்தி புத்திமதியைவிடப் பல மடங்கு வலிது. இந்த வழியில் பிறகு அதிகம் பேர் நடக்காதது தமிழுக்கு நட்டமே.

மன்றத்தின் வழி முதலாவது. அதுவும் சித்ராலயா கோபுவின் பள்ளி.

செங்கற்பட்டில் ஸ்ரீதரோடு ஒன்றாகப் படித்து, ஒன்றாக நாடகம் போட்டு, பிறகு அவரைத் தொடர்ந்து சினிமாவுக்கும் வந்தவர் கோபு. 1964-இல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ இந்தப் பள்ளியின் மூலநூல். பலர் அதை பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சிக்காகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்ற பெயர்ப்பலகையைத் தவிர வேறொன்றும் இல்லாமல் படமெடுப்பவனாகத் திரியும் நாகேஷின் செல்லப்பாவும் புகழ் வேஷக்காரன்தான். ஆனால் கட்டுமானம் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை போன அசோக், எஸ்டேட் முதலாளி விஸ்வநாதனின் மகளை அடையக் கோடீஸ்வரர் சிதம்பரத்தின் மகன் என்று சொல்லிவிடுகிறான். அந்தச் சிதம்பரமாக நடிக்க நண்பன் வாசு கிழவேஷம் போட்டு வருகிறான். வந்து பார்த்தால், வாசு காதலிக்கும் காஞ்சனா அதே விஸ்வநாதனின் மூத்த மகள். காதலியின் எதிரிலேயே மாப்பிள்ளையின் அப்பாவாக அவன் உட்கார வேண்டியதாகிறது.

இதுதான் இரண்டாம் முடிச்சு. முதல் முடிச்சு பொய்யால் விழுகிறது; அதை எவரும் போடலாம். இரண்டாம் முடிச்சைக் காதல் போட வேண்டும். வேஷத்தைக் கலைத்தால் நண்பனின் கல்யாணம் நின்றுவிடும். கலைக்காவிட்டால் தன் கல்யாணம் நின்றுவிடும். இந்த நெருக்கடி வந்த பிறகு வசனகர்த்தா சிரிப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாத்திரம் நாற்காலியில் உட்கார்ந்தாலே சிரிப்பு வரும். அதனால்தான் அந்தக் கதை மொழி தாண்டியும் நின்றது: தெலுங்கில் ‘பிரேமிஞ்சி சூடு’, இந்தியில் ‘பியார் கியே ஜா’. இதற்கு நான்காண்டு முன்பே ‘அடுத்த வீட்டுப் பெண்’ இந்த நுட்பத்தைத் தொட்டிருக்கிறது. பாட வராத டி.ஆர். ராமச்சந்திரன் வாயசைக்க, மறைவில் தங்கவேலு பாட, அடுத்த வீட்டு அஞ்சலிதேவி குரலில் மயங்குவார். வங்காளத்துப் ‘பாஷேர் பாரி’யிலிருந்து வந்த கதை. அங்கே இரண்டாம் முடிச்சு குரலிலேயே இருக்கிறது. காதல் யார்மேல், பாட்டின்மேலா ஆளின்மேலா?

இந்தப் பள்ளியை அண்ணனூருக்குக் கொண்டுவந்தவரை மன்றத்தார் ஐயா என்றே அழைப்பார்கள். பெயர் அச்சில் வருவதை அவர் ஒருநாளும் விரும்பியதில்லை. இங்கும் அந்த விருப்பம் காக்கப்படுகிறது. இக்கட்டுரையாளரும் அவரிடம் பாடம் கேட்டவர். அம்பத்தூர் எஸ்டேட்டிலும் ஆவடியிலும் ஷிப்ட் முடித்து, வேர்வை காயாத சட்டையோடு ஒத்திகைக்கு வந்தவர்களை வைத்து நாடகம் போட்டவர் அவர். அரக்கோணம் பக்கம் போக வேண்டியவர்களுக்குக் கடைசி லோக்கல் போய்விடக் கூடாது என்பதால் காட்சிகள் கச்சிதமாக இருந்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயத்தை அவர் இலக்கணமாக்கிக்கொண்டார்.

அவருடைய பாடம் ஒரு தாளில் அடங்கும். தாளின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம், அந்தக் காட்சியில் ரகசியம் தெரிந்தவர்கள், வலப்பக்கம், தெரியாதவர்கள். ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தாள். காட்சி முடியும்போது ஒரு பெயராவது கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும், அல்லது தாண்டப்போய்த் தடுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லாத காட்சியை, அதில் எத்தனை கைதட்டல் வாங்கும் வசனம் இருந்தாலும், அவர் அடித்துவிடுவார். காதலிக்கு உண்மை மூன்றாம் ஆள் மூலம் தெரியக் கூடாது. வேஷம் போட்டவனே, அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கும்போதே, வாய்திறந்து சொல்ல வேண்டும் என்பது அவர் வைத்த இன்னொரு விதி. தானாகக் கிழிந்த வேஷத்துக்கு மன்னிப்புக் கிடைக்கலாம், காதல் கிடைக்காது. இந்த விதி சரியென்பதற்கு ‘ரோமன் ஹாலிடே’யே சாட்சி. இளவரசியின் படங்களை விற்றுக் காசாக்கியிருக்க வேண்டிய பத்திரிகைக்காரர்கள் அவற்றை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். எவரும் அவர்களைப் பிடிக்கவில்லை, தாங்களாகவே தருகிறார்கள்.

இடைவேளையை ஐயா, அண்ணனூர் யார்டில் பாதை மாற்றும் பாயின்டுக்கு ஒப்பிடுவார். வண்டி நிற்கக் கூடாது. ஆனால் அதற்குப் பிறகு அது பழைய தண்டவாளத்தில் இருக்கவும் கூடாது.

கிரேசி மோகன் வழியைப் பற்றிச் சொல்லாமல் போவது நியாயம் அல்ல. 1976-இல் ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ தொடங்கி 2019-இல் மறையும் வரை, சொல்லடுக்கையும் ஆள்மாறாட்டத்தையும் அவர் அளவுக்கு யாரும் பின்னியதில்லை. அவரைப் பின்பற்றுகிறவர்கள் சொல்லடுக்கை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘மைக்கேல் மதன காமராஜ’னில் எந்த ஆள் எந்த அறையில் என்ற கணக்கு எவ்வளவு இறுக்கமானது என்பதை அவர்கள் கவனிக்கவில்லை.

பிற்காலத்தில் பிரபலத்தின் பிம்பத்தையே மையமாக வைத்த முயற்சி ‘மன்மதன் அம்பு’ (2010). நடிகை நிஷாவைச் சந்தேகிக்கும் வருங்கால மாப்பிள்ளை, அவளை வேவு பார்க்க மேஜர் மன்னாரை அனுப்புகிறார். அவள்மேல் குற்றமில்லை என்று மன்னார் உண்மையைச் சொன்னால் பணம் வராது. நண்பனின் சிகிச்சைக்கோ பணம் வேண்டும். ஆகவே அவள் பெயரில் பொய்க் களங்கம் கற்பிக்க வேண்டியதாகிறது. உண்மை விலைபோகாத இடத்தில் வதந்தி விலைபோகிறது. இதைவிடக் கூர்மையான முதல் முடிச்சு இந்த வகையில் தமிழில் வந்ததில்லை. பின்பாதியில் கலகலப்பு கூடிய அளவுக்கு இறுக்கம் கூடவில்லை என்பார்கள் சிலர். அது அவரவர் ரசனை.

இனி, சொல்லியே தீர வேண்டிய ஒன்று. யாரையும் பெயர் சொல்லிக் குறை கூறுவது மன்றத்தின் மரபு அல்ல. இங்கும் அது நோக்கம் அல்ல. இன்று உழைக்கும் குழுக்களில் திறமைசாலிகள் உண்டு. அவர்களின் சிரமங்கள் முன்னோரின் சிரமங்களைவிடக் குறைந்தவையும் அல்ல. ஆனாலும் அண்மையில் மேடையேறும் காதல் நகைச்சுவைகளில் ஒரு செல்பேசி வீடியோதான் முடிச்சு, இன்னொரு செல்பேசி வீடியோதான் அவிழ்ப்பு. நாயகன் பிரபலம் என்பதை நண்பன் வசனத்தில் சொல்லிவிடுகிறான். அந்தப் புகழ் எந்தக் காட்சியிலும் எவருக்கும் இடைஞ்சல் செய்வதில்லை. நாயகிக்கு ஆசை கிடையாது, திட்டம் கிடையாது. அழவும் கைதட்டவும் மட்டும் வருகிறாள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உண்மை தெரிந்துவிடுகிறது, உடனே ஒரு நீண்ட மன்னிப்புப் பேச்சு, திரை. இரண்டாம் முடிச்சு என்ற ஒன்று இருந்ததே பலருக்குத் தெரியாது.

ஒத்திகை குறைந்தது. வசனத்தைச் செல்பேசியில் பார்த்துப் படிக்கிறார்கள். முன்கூட்டியே பதிவு செய்த குரலுக்கு வாயசைக்கும் பழக்கமும் சில இடங்களில் வந்துவிட்டது. பொய்க்குரலில் காதலித்தவனின் பாட்டைச் சொல்லும் ‘அடுத்த வீட்டுப் பெண்’ணைப் போற்றும் ஊரில், மேடையே பொய்க்குரல் ஆகலாமா? செல்பேசிக் குழுக்களில் வந்து போகும் பழைய ஜோக்குகளைக் காட்சிக்கு நான்காகத் தூவிவிட்டால் நகைச்சுவை நாடகம் என்று நம்புகிறார்கள். அவையோரும் ஜோக்குக்கு ஜோக்கு கைதட்டிவிட்டு, கதை எங்கே என்று கேட்காமல் எழுந்து போகிறார்கள். கேட்கத் தெரிந்த கடைசித் தலைமுறையும் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டது. இதை மேடையோடு நிற்கும் குறையாகப் பார்க்கவும் முடியவில்லை. ஒரு காட்சியில் சொன்ன சொல்லுக்கு அடுத்த காட்சியில் கணக்குக் கொடுக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு கதையில் போனால், ஊர்ப்பேச்சிலும் போகும், தேர்தல் மேடையிலும் போகும், வீட்டுக்குள்ளும் போகும். இன்று சொன்னதை நாளை மறக்கும் கூட்டத்தைக் கதைக்கட்டில்லாத கதைகளே வளர்க்கின்றன. தமிழ்ச் சிரிப்பு இப்படி எலும்பில்லாமல் போனதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பவர்கள், மூத்தவர்கள் உட்பட, எல்லாரும் இதற்குப் பொறுப்பாளிகள்.

மன்றத்தின் நிர்வாகக் குழுவுக்கு இரண்டு விண்ணப்பங்கள். அடுத்த நாடகப் போட்டிக்குப் பிரதி அனுப்புகிறவர்களிடம் வசனத்தோடு ஐயாவின் முறையில் காட்சித் தாள்களையும் கேட்டு வாங்க வேண்டும். தாள் இல்லாத பிரதியைப் பரிசீலிக்க வேண்டாம். ஐயாவின் கையெழுத்தில் உள்ள பழைய தாள்கள் பலர் வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன. வைத்திருப்பவர்கள், கரையான் அரிப்பதற்குள் அவற்றைச் செயலாளரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.