குடவோலையும் செந்தூல் ஓட்டும்

நம்மவர் மேடையேறித் தேர்தலைப்பற்றிப் பேசத் தொடங்கினால், உத்தரமேரூருக்கு ஒருமுறை போய் வராமல் அமர்வதில்லை. ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே ஓட்டுரிமை கண்டவன் தமிழன் என்பார், கைதட்டல் எழும், மாலை விழும். அக்கல்வெட்டைப் பொறுமையாகப் படித்தவர் கூட்டத்தில் எத்தனை பேர் என்று கேட்பாரில்லை.

அது முதற் பராந்தக சோழன் காலத்துச் சாசனம், ஆண்டு 921. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக்கொண்டு எடுப்பித்தனர். எனவே அஃது எண்ணிப் பார்த்து முடிவு கட்டிய ஓட்டன்று, திருவுளச்சீட்டு. தகுதிதான் யாது? கால் வேலிக்கு மேல் இறைநிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருத்தல் வேண்டும். வேதம் ஓதியிருத்தல் வேண்டும். அரைக்கால் வேலிக்காரனுக்கும் இடமுண்டு. ஆனால் அவன் ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் கற்றவனாதல் வேண்டும். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பெண்ணுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. கணக்குக் காட்டாத வாரியத்தாரையும் அவர்தம் உறவினரையும் விலக்கிய விதி மெச்சத்தக்கதே. நம் சங்கங்கள் சிலவற்றிற்கு அதனை இன்றே இரவல் வாங்கலாம். ஆயினும் பால்மரம் சீவியவர் பேரனும், செந்தூல் ரயில் பட்டறையில் இரும்படித்தவர் பேத்தியும், "எம் பாட்டன் ஓட்டளித்தான்" என்று நெஞ்சு நிமிர்த்துவது வேடிக்கை. அப்பாட்டனைக் குடத்தின் அருகே விட்டிருக்கமாட்டார்கள்.

இங்கே நம் ஓலை குடத்தில் விழுகின்றது, ஐயமில்லை. 2021 டிசம்பர் 15 முதல் பதினெட்டு வயதினர்க்கும் உரிமை கிட்டியது. ஆனால் விழுந்த ஓலைக்கு எடை எவ்வளவு?

1957-இல் எழுதப்பட்ட அரசியல் சட்டம், ஒரு தொகுதியின் ஓட்டர் தொகை சராசரியினின்று நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது என்றது. 1962-இல் அதனைத் தளர்த்தி, நாட்டுப்புறத் தொகுதி நகரத் தொகுதியின் பாதியளவும் இருக்கலாம் என்றனர். 1973-இல் அந்த வரம்பும் எடுபட்டது. விளைவு யாது? 2013-இல் காப்பார் தொகுதியில் 144,159 ஓட்டர், புத்ராஜெயாவில் 15,791. இரண்டுக்கும் ஒவ்வோர் உறுப்பினரே. தொலைவிலுள்ள நாட்டுப்புறத்தானுக்குச் சலுகை வேண்டாமா என்பர். காப்பார் தோட்டங்கள் நிறைந்த வட்டாரம்; புத்ராஜெயாவோ அரசாங்கக் காரியாலயங்களின் நகரம். சலுகை யாருக்குப் போயிற்று? 2022-இல் பாங்கியில் 303,430 பேர், சரவாக்கின் ஈகானில் 28,290 பேர். ஆறும் காடும் கடந்து ஓட்டளிக்கும் சரவாக்கியர்க்குச் சிறிது விட்டுக்கொடுத்தல் நியாயமே. பத்து மடங்குக்கு மேல் விட்டுக்கொடுத்தல் நியாயமாகாது.

எல்லைகளைச் சமப்படுத்தினாலும் நோய் முழுதும் தீராது. முந்தியவன் ஒருவனே முழுதும் கொள்ளும் முறை இது. 2013-இல் நூற்றுக்கு ஐம்பதுக்கு மேல் ஓட்டுப்பெற்ற அணிக்கு 89 இடம். நாற்பத்தேழு பெற்ற அணிக்கு 133 இடம். நம்மவர் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 222 தொகுதிகளுள் ஒன்றிலேனும் இந்தியர் பெரும்பான்மையர் அல்லர். தோட்டங்கள் விற்கப்பட்டு, மக்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறிய பின் இச்சிதறல் மிகுந்தது. ஆகவே நம் தலைவர் ஒருவர் இடம்வேண்டி ஓட்டரிடம் போகுமுன், கூட்டணிப் பெரியவரின் வாயிற்படிக்குப் போகிறார். ஜெர்மனியிலும், 1996 முதல் நியூசிலாந்திலும் ஓட்டர்க்கு இரண்டு ஓட்டு: ஒன்று ஊர் உறுப்பினர்க்கு, மற்றது கட்சிக்கு. கட்சியோட்டின் விகிதப்படி இடங்கள் நிரப்பப்படுகின்றன. அம்முறை வந்தால் காப்பாரில் தோற்ற ஓட்டும் சுங்கை சிப்புட்டில் தோற்ற ஓட்டும் ஒன்றாய் எண்ணப்படும். எக்கட்சியும் நம்மைத் தேடி வந்தாக வேண்டும். இனக்கட்சி பெருகுமே என்பார்க்கு ஒன்று கேட்போம்: இப்பொழுது இருப்பவை எவை?

செந்தூலுக்குத் திரும்புவோம். 1952 பிப்ரவரி 16-இல் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தல் நடந்தபொழுது, நான்கு வட்டாரங்களுள் செந்தூலும் ஒன்று. வட்டாரத்துக்கு மூன்று உறுப்பினர். 1961-இல் அம்மன்றம் எடுபட்டு, நியமன ஆட்சி வந்தது. கூட்டரசுப் பிரதேசமாதலின் சட்டமன்ற ஓட்டும் இல்லை. பத்து தொகுதியில் அடங்கிய செந்தூலார்க்குப் பார்லிமெண்டு ஓட்டு ஒன்றே. 2022-இல் அவ்வொன்றுக்குப் பத்து அபேட்சகர் போட்டியிட்டனர். சாக்கடை அடைத்தால் கேட்பதற்கு, அவர் ஓட்டால் அமர்ந்த நகரத்தார் ஒருவருமில்லை.

தொகுதி எல்லைத் திருத்தத்தின்பொழுது, தொகுதி ஓட்டர் நூறுபேர் சேர்ந்து மறுப்பெழுதினால் விசாரணை நடத்தியாக வேண்டுமென்பது அரசியல் சட்டத்தின் பதின்மூன்றாம் அட்டவணை. தீபகற்பத்தில் கடைசித் திருத்தம் 2018-இல் முடிந்தது. எட்டாண்டு கழியாமல் அடுத்தது தொடங்கலாகாது. நூறு கையெழுத்து ஒரு கோவில் திருவிழாப் பந்தலில் ஒரு மாலைப்பொழுதில் சேரும். விண்ணப்பத்தை எழுதத் தெரிந்த இளைஞர் ஊருக்கு ஒருவரேனும் இப்பொழுதே முன்வரவேண்டும்.