ஜாமீன் கையெழுத்தும் ஆறு பாட்டுகளும்

ஜெய்ப்பூரில் பிறந்த பிரதீக் குஹாட் 2018இல் வெளியிட்ட 'கோல்ட் / மெஸ்' தொகுப்பில் ஆறு ஆங்கிலப் பாட்டுகள். ஒரு காதல் நெகிழ்ந்து குலைவதே பொருள். 2019 டிசம்பர் கடைசியில் ஒபாமா தம் விருப்பப் பட்டியலில் தலைப்புப் பாட்டைச் சேர்த்தார். அதன்பின் குஹாட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. வங்கியில் கடனுக்கு ஜாமீன் கையெழுத்து கேட்பது என் தொழில். பாட்டுக்கும் அதைக் கேட்பது விமர்சனம் ஆகாது.

பிடித்தவர்கள் 'இதமாக இருக்கிறது' என்கிறார்கள். பிடிக்காதவர்கள் 'தூங்கி வழிகிறது' என்கிறார்கள். இரண்டும் கேட்பவனின் சௌகரியத்தைப் பற்றிய பேச்சு. நிதானம் பாட்டினுள் என்ன செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சிதம்பரத்தில் இதற்கு வேறு அளவுகோல் உண்டு. முத்துத்தாண்டவர் பதங்களில் தில்லைக் கூத்தனுக்காக ஏங்குகிறவள் அவசரப்படுவதில்லை. விளம்ப காலத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்போது ஏக்கம் சினமாகிறது, சினம் மறுபடி ஏக்கமாகிறது. பிரிதலைப் பாலைக்கு உரிப்பொருளாக்கிய மரபு தேடியதும் இந்த உள்ளசைவைத்தான்.

குஹாட்டின் தலைப்புப் பாட்டில் அது இருக்கிறது. விட்டுப் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் குரல் தயங்குகிறது. அந்தத் தயக்கமே லயம். மற்றவற்றில் பெரும்பாலானவை கிதாரின் மென்மையில் கரைந்துவிடுகின்றன, சண்டையின் சூடு ஆறியபின் பாடியவை போல.

இதைச் சொல்லக் கடலூரில் இருக்கும் எனக்கு ஒபாமாவின் ஒப்புதல் வேண்டியதில்லை, காது போதும். அந்தத் தைரியம் வராதவரை, நம்மூரிலேயே ஒருவன் இதைவிட நன்றாகப் பாடினாலும் நாம் பட்டியலுக்காகக் காத்திருப்போம்.