இழுக்கும் குதிரைக்கு எந்தக் கடிவாளம்? மூன்றைப் போட்டுப் பார்த்தோம்

பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்று சவாரிக்கு வரும் தரோபிரெட் குதிரையிடம் ஒரு சிக்கல் உண்டு. கடிவாளத்தில் சாய்ந்து ஓடத்தான் அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். லகானை இழுக்க இழுக்க வேகம் கூடும். “ரொம்ப இழுக்குது, இன்னும் கடுமையான கடிவாளம் போடலாமா?” என்பதுதான் அடுத்து வரும் கேள்வி. திருவனந்தபுரத்தின் புறநகர்ச் சவாரிக் களம் ஒன்றில், அப்படிப்பட்ட குதிரைக்கு மூன்று கடிவாளங்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம்.

முதல் வேலை அளவெடுப்பது. கடிவாளம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கயிற்றை வைத்து, இரு கடைவாயிலும் மையால் குறித்துக்கொண்டோம். வாயின் அகலம் 5 அங்குலம். இதுவரை போட்டிருந்த முதல் கடிவாளமான ஒற்றை மூட்டு ஸ்னாஃபிலோ (நெம்புகோல் இல்லாத எளிய கடிவாளம்) ஐந்தரை அங்குலம்! லகானை இழுத்ததும் நடு மூட்டு கீழே சரிந்து நாக்கை அழுத்தியது. ஒரு பக்கம் இழுத்தால் இரும்பு முழுவதும் அந்தப் பக்கமே நகர்ந்தது. குதிரை வாயைப் பிளந்து தலையை உதறியதற்குக் காரணம் திமிர் அல்ல, வலி. வளையம் சுழலும் ஸ்னாஃபிலுக்கு இருபுறமும் சிறிதளவு இடைவெளி போதும்.

அடுத்தது, நடுவில் அவரைக்கொட்டை அளவு குண்டு வைத்த இரட்டை மூட்டு ஸ்னாஃபில். சரியான அகலம், 14 மில்லிமீட்டர் தடிமன். தடித்த இரும்பு மென்மையானது என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் தரோபிரெட்டின் வாயை நாக்கே நிறைத்திருக்கிறது. 20 மில்லிமீட்டர் இரும்புக்கு அங்கே இடமில்லை. இந்த இரட்டை மூட்டு ஸ்னாஃபிலைப் போட்டதும் குதிரை வாயை மூடி, இரும்பை மெல்லத் தொடங்கியது. லகானை இழுத்துப் பிடித்தபடியே இருந்தால் சாய்ந்துகொண்டே ஓடியது உண்மை. பிடித்து, உடனே தளர்த்தி, மறுபடி கேட்டபோது வேகத்தைக் குறைத்தது.

மூன்றாவது பெல்ஹம். இது நெம்புகோல். மேல்கை 5 சென்டிமீட்டர், கீழ்கை 10 என்றால், லகானில் 1 கிலோ இழுப்பு, தாடைக்குக் கீழே செல்லும் மோவாய்ச் சங்கிலியில் 2 கிலோவாகும். வாய்க்குள் இரும்பு 3 கிலோ அளவுக்கு அழுத்தும். குதிரை நின்றது, ஆனால் தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு. கற்றுக்கொள்பவர் கையில் இதைக் கொடுக்கவே கூடாது. பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலத்தைப் போன்ற கூட்டத்திலும் வாத்திய முழக்கத்திலும், லகானை ஒரே கையில் பிடித்துக் குதிரையை நடத்தும் தேர்ந்த சவாரிக்காரருக்குப் பொருந்தும். அப்போதும் சங்கிலியை முறுக்கில்லாமல் தட்டையாக மாட்ட வேண்டும். கீழ்கை சுமார் 45 பாகை பின்னால் வந்த பிறகே சங்கிலி மோவாய்க் குழியைத் தொட வேண்டும்.

இந்த ஊருக்கென்று ஒரு எச்சரிக்கை. மழைக்காலத்தில் தோல் ஊறி நீளும். கன்ன வார் நீண்டால் கடிவாளம் தாழ்ந்து, ஆண் குதிரையின் கோரைப்பல்லில் இடிக்கும். கடைவாயில் ஒன்றிரண்டு மடிப்பு தெரிகிறதா என்று ஒவ்வொரு சவாரிக்கு முன்பும் பாருங்கள். கடற்காற்றுக்குத் துருப்பிடிக்காத எஃகே நல்லது. கான்பூரில் உலகச் சந்தைக்கே சேணமும் வார்களும் தயாராகின்றன. அளவு சொல்லிக் கேட்டு வாங்கலாம்.

முள் வைத்த கடிவாளத்தை நான் சோதிக்கவில்லை, சோதிக்கவும் மாட்டேன். வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டுக் கொடுமைத் தடுப்பு விதிகளில் 8-ஆவது விதி அதைத் தடை செய்கிறது. இருந்தும் இந்தியாவில் குதிரை வண்டிகளில் அதை இன்னும் மாட்டுகிறார்கள். பார்த்தால் காவல்துறையிடம் சொல்லுங்கள்.

என் தேர்வு இரண்டாவது. வாங்குவதற்கு முன் கால்நடை மருத்துவரிடம் குதிரையின் வாயைக் காட்டுங்கள். முதல் கடைவாய்ப் பல்லுக்கு முன்னால் ஒளிந்திருக்கும் சிறு ஓநாய்ப்பல்லில் இரும்பு பட்டால், எந்தக் கடிவாளத்திலும் குதிரை இழுக்கத்தான் செய்யும்.