கருத்துப் பெருக்கமும் படைப்பாளியின் தேர்வும்

எழுதுவதற்குப் பொருள் கிடைக்கவில்லையென வருந்தும் எழுத்தாளரைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். பொருள் அளவுக்கு மீறிப் பெருகியதனால் எதனையும் எழுதி முடிக்க இயலாது தவிப்பவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆயினும் இளம் எழுத்தாளர் பலரது நிலை இதுவே. அவர்களது குறிப்புப் புத்தகங்களிலே பத்துச் சிறுகதைகளுக்கான கருக்கள் இருக்கும். இரண்டு நாவல்களின் முதல் அத்தியாயங்கள் இருக்கும். நாடகமொன்றின் பாத்திரப் பட்டியலும் இருக்கும். முற்றுப்பெற்ற படைப்பு ஒன்றேனும் இராது. இதனைச் சோம்பலென்று ஒதுக்கிவிடுதல் எளிது, நியாயமன்று.

இந்நிலைக்கு முற்போக்கு விமர்சனத்திலே வழக்கமாகக் கூறப்படும் பரிகாரம் ஒன்றுண்டு. சமுதாயத்துக்கு மிக முக்கியமான பொருளைத் தேர்ந்தெடுத்து ஏனையவற்றை விட்டுவிட வேண்டும் என்பதே அது. கேட்பதற்கு இது முற்றிலும் சரியாகத் தோன்றும். ஆனால் இலக்கிய வரலாறு இவ்விதியை இவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்கிறதா? ருஷ்ய நாவலாசிரியர் டோல்ஸ்டோயின் எழுத்து வாழ்விலே இக்கேள்விக்கு விடை பகரும் இரு கட்டங்கள் உள்ளன.

1825ஆம் ஆண்டு டிசெம்பரிலே பிரபு குலத்து இராணுவ அதிகாரிகள் சிலர் சார் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்து தோல்வியுற்றனர். சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டோரில் உயிருடன் எஞ்சியோர் 1856இலே மன்னிப்புப் பெற்றனர். அவ்வாறு முதுமையிலே திரும்பி வரும் ஒருவரைப் பற்றி டோல்ஸ்டோய் 1860இல் ஒரு நாவலைத் தொடங்கினார். சில அத்தியாயங்களுடன் அது நின்றுவிட்டது. அம்முதியவரை விளங்கிக்கொள்ள அவருடைய 1825ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1825ஐ விளங்கிக்கொள்ள, அத்தலைமுறை வாலிபத்தை எய்திய 1812ஆம் ஆண்டு நெப்போலியன் போருக்குச் செல்ல வேண்டியிருந்தது. 1812இன் வெற்றியை எழுதுவதற்கு, அதற்கு முந்திய 1805இன் தோல்வியையும் எழுத வேண்டியிருந்தது. இவ்வாறு அரை நூற்றாண்டு பின்னோக்கிச் சென்ற கதையே 1865 முதல் 1869 வரை வெளியான ‘போரும் வாழ்வும்’. அதன் பின்னுரைப் பகுதி 1820இலே நிகழ்கிறது. கதாநாயகர்களுள் ஒருவனான பியேர் அங்கே இரகசியச் சங்கமொன்றை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறான். முதலில் எழுத எண்ணிய நாவலின் வாயிலிலே பெருநாவல் முடிவடைகிறது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது யாது? டோல்ஸ்டோயிடம் கருத்துக்கள் குறைவாக இருக்கவில்லை. ஒரு முதியவர், ஒரு கிளர்ச்சி, இரண்டு போர்கள், பல குடும்பங்கள் என அவை குவிந்து கிடந்தன. ஆனால், இம்மனிதர்கள் எவ்வாறு உருவாயினர் என்ற ஒரே வினா அவற்றையெல்லாம் காரண காரியத் தொடராக்கிற்று. வினா பிறந்த பின்னர் கருத்துக்கள் தம்முள் போட்டியிடவில்லை, ஒன்றுக்கொன்று விளக்கமாயின.

இரண்டாவது கட்டம் இதற்கு நேர்மாறானது. ‘போரும் வாழ்வும்’ முடிந்த பின்னர், மகா பீட்டரின் காலத்தைப் பற்றி நாவலெழுத அவர் முற்பட்டார். அக்காலத்து நூல்களைப் படித்தார். உடை, பழக்கவழக்கம், பேச்சு ஆகியவற்றைப் பற்றிக் குறிப்புக்கள் திரட்டினார். தொடக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். ஒன்றும் முன்செல்லவில்லை. ருஷ்யாவின் அமைப்பையே மாற்றிய மன்னனின் காலத்தைவிடக் கனமான பொருள் வேறெது? மேற்கூறிய விதியின்படி முதலிடம் பெற வேண்டிய பொருள் அதுவே. எனினும் அக்கால மனிதரின் உள்ளத்தினுள் நுழைவது அவருக்குக் கடினமாயிற்று. 1873இலே அதனைக் கைவிட்டார்.

அதே ஆண்டு வசந்தத்திலே அவர் தொடங்கியது, கணவனைப் பிரிந்து காதலனுடன் வாழும் ஒரு பெண்ணின் கதை. 1872 ஜனவரியில் அவரது பண்ணைக்கு அயலிலிருந்த புகையிரத நிலையத்திலே, காதலித்தவனால் கைவிடப்பட்ட பெண்ணொருத்தி புகையிரதத்தின்முன் வீழ்ந்து உயிர்நீத்தாள். அவளது உடலை டோல்ஸ்டோய் நேரிலே கண்டார். பொருளின் கனத்தை மட்டும் நிறுப்பவர்கள் இதனைப் பிரபுக்களின் வீட்டு விவகாரமென்றே கூறியிருப்பர். ஆனால் ‘அன்னா கரீனினா’வினுள்ளே 1861இலே பண்ணையடிமை முறை ஒழிந்த பின்னுள்ள ருஷ்யா முழுவதும் புகுந்துகொண்டது. நிலவுடைமையாளனுக்கும் கூலிக்கு உழைக்கும் குடியானவனுக்குமிடையிலான பிணக்கும், கடனில் மூழ்கும் பிரபு குடும்பங்களும், அதிகார வர்க்கத்தின் வெறுமையும் அங்கே உயிர்பெற்றன. காரணம், நிலவுடைமையாளராகிய டோல்ஸ்டோய் அந்த நெருக்கடியினுள்ளேயே வாழ்ந்துகொண்டிருந்தார். 1908இலே லெனின் அவரை ருஷ்யப் புரட்சியின் கண்ணாடியென வருணித்தமை, அவர் புரட்சிகரமான தலைப்புக்களைத் தேடி எழுதியமையாலன்று.

ஆகவே பொருளின் பெருமை தலைப்பிலே மட்டும் தங்கியிருப்பதில்லை. எழுதுவோன் அம்மனிதரின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் அறிவான், அவ்வாழ்க்கையை நோக்கி அவன் எழுப்பும் வினா எத்தகையது என்பவற்றிலேயே அது தங்கியுள்ளது. நமது ஈழத்து இலக்கியத்திலும் இதற்குச் சான்றுண்டு. கே. டானியல், தாம் பிறந்து வளர்ந்த சமூகம் அனுபவித்த சாதியொடுக்குமுறையையே 1972இல் வெளியான ‘பஞ்சமர்’ தொடங்கி ‘கோவிந்தன்’, ‘அடிமைகள்’, ‘கானல்’ என நாவலுக்கு நாவல் தொடர்ந்து ஆராய்ந்தார். அவற்றின் கலையமைதி பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அவருக்கு எழுதும் பொருளில் தடுமாற்றம் இருக்கவில்லை.

இங்கு ஓர் ஆட்சேபம் எழலாம். டோல்ஸ்டோய்க்குப் பண்ணையிருந்தது, ஓய்விருந்தது, கையெழுத்துப் பிரதிகளை மீண்டும் மீண்டும் பிரதி செய்துகொடுக்க மனைவி இருந்தார். பல தொடக்கங்களை எழுதிக் கைவிடும் வசதி அவருக்கு இருந்தது. பகலெல்லாம் வகுப்பறையிலும் மாலையிலே ரியூசன் கொட்டிலிலும் நின்றுவிட்டு, இரவிலே மாணவரின் கொப்பிகளைத் திருத்தும் நமது எழுத்தாளனுக்கு அது ஏது? இந்த ஆட்சேபம் முற்றிலும் நியாயமானது. 1948இலே நாற்பத்திரண்டு வயதில் மறைந்த புதுமைப்பித்தன் ‘அன்னை இட்ட தீ’ என்ற நாவலை முடிக்காமலே விட்டுச் சென்றார். உழைத்துண்ணும் எழுத்தாளனுக்குக் காலமின்மை தனிமனிதக் குறைபாடன்று. அவன் வாழும் சமுதாய அமைப்பு அவன்மீது சுமத்திய நிலை. அதனாலேயே தேர்வு அவனுக்கு இரசனை சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இருக்க முடியாது. எஞ்சியிருக்கும் இரண்டு மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது என்பதே அவன்முன்னுள்ள பிரச்சினை.

குறிப்புப் புத்தகத்தைத் திறந்து ஒவ்வொரு கருவிடமும் இரண்டு கேள்விகளைக் கேட்கலாம். இம்மனிதரின் நாட்கூலி, அடுப்பு, கடன், பேச்சு ஆகியன எனக்குத் தெரியுமா? இவர்களைப் பற்றி இன்னும் விடை காணாத வினா எதுவும் எனக்கு உண்டா? இரண்டுக்கும் ஆம் என்று கூறும் கருக்கள் சிலவே எஞ்சும். அவற்றுட் பல ஒரே கதையின் பகுதிகளாகவும் இருக்கக்கூடும். ஏனையவை எவ்வளவு பெரிய தலைப்புக்களாயினும் காத்திருக்கட்டும், அல்லது அவற்றை அறிந்த வேறொருவர் எழுதட்டும். தோட்டத்து லயத்தைக் கண்டிராதவன் மலையகத்தைப் பற்றி எழுதும் பத்துத் தொடக்கங்களை விட, தன் ஒழுங்கையிலே நிகழும் ஒரு காணி வழக்கை அதன் வேர்வரை சென்று எழுதி முடிக்கும் ஒரு சிறுகதை நமது மக்களுக்கு அதிகம் பயன்படும்.