திண்டுக்கல் வட்டாரத்தில் சுற்றுச்சூழற் கல்வி: நெறிகளும் உரைகல்லும்

சுற்றுச்சூழற் கல்வி என்றால் மரக்கன்று நடுவதும், பிளாஸ்டிக் பையை விலக்குவதும், ஜூன் 5-ஆம் தேதி பதாகை பிடித்து ஊர்வலம் போவதும்தான் என்று எண்ணித் திருப்தியடையும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்ட இந்நாளில், அக்கல்விக்குத் திண்டுக்கல் வட்டாரத்தில் வேறுபட்ட பல நெறிகள் உண்டென்பதையும், அவை ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிப் பிரமாணம் வைத்துக்கொண்டிருந்தன என்பதையும் இம்மலரில் எடுத்துரைப்பது பொருத்தமாகும் என்று கருதுகிறேன்.

காலத்தால் முந்தியது காந்தீய நெறி. 1937 அக்டோபரில் வார்தாவிற் கூடிய மகாநாடு கைத்தொழிலை நடுநாயகமாக வைத்து வகுத்த ஆதாரக் கல்வி, பத்தாண்டுகளுக்குப் பின், சிறுமலையின் அடிவாரத்தில், சின்னாளபட்டிக்கு அருகே, டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் 1947-இல் நிறுவிய காந்திகிராமத்தில் வந்து நிலைகொண்டது. நூல் நூற்கும் பிள்ளை பருத்தியையும், பருத்தி விளையும் மண்ணையும், அம்மண்ணை உழுபவனையும் சேர்த்தே அறிதல் வேண்டும் என்பது அதன் உட்கிடை. இதற்குப் பொருளாதார சாஸ்திரத்தில் இடம் தேடித் தந்தவர், தஞ்சையிற் பிறந்து, தே. கல்லுப்பட்டியில் தம் பிற்காலத்தைக் கழித்த ஜே. சி. குமரப்பா. நிலக்கரி, பெட்ரோல் போன்று எடுக்க எடுக்கக் குறையும் பொருள்களை நம்பிக் கட்டிய வாழ்வு போட்டியிலும் போரிலும் கொண்டுபோய் விடும் என்றும், விளைச்சலும் காடும்போல ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளும் பொருள்களை நம்பிய வாழ்வே சமாதானத்துக்கு வழி என்றும், சிறைவாசத்தின்போது அவர் எழுதி வைத்தார். தட்பவெப்ப மாறுதல் என்ற பேச்சே எழாத காலத்தில் இவ்வளவு தெளிவாக எழுதிய ஒருவரை நம் பள்ளிப் பிள்ளைகள் பெயரளவில்கூட அறியாதிருப்பது எனக்குத் தீராத மனக்குறை.

ஆயினும், கிராமத்தின்மேல் ஊன்றியிருந்த காந்தீயக் கண், அருகிருந்த திண்டுக்கல் நகரத்தின், தோல் பதனிடும் ‘தோல் ஷாப்பு’களின் பக்கம் போதிய அளவு திரும்பவில்லை என்பது என் அபிப்பிராயம். அப்பக்கம் திரும்பியது தொழிற்சங்க நெறி. அது பள்ளிக்கூடத்தில் நடந்த கல்வியன்று. ஆயின் கல்வி என்ற பேருக்கு அதனினும் தகுதியுடையது வேறொன்றில்லை. உப்பிட்டு வந்த தோல் முதலில் ஊறற் குழியிற் கிடந்து உப்பைக் கக்கும். பின் சுண்ணாம்புக் குழியில் நாட்கணக்கில் ஊறி மயிரை விடும். குழிக்குள் இறங்கி அத்தோலைப் புரட்டும் தொழிலாளியின் விரலிடுக்கையும் பாதத்தையும் சுண்ணாம்பு அரித்துத் தின்னும். அக்குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியார் என்பதும், அவர்கள் சங்கமாகத் திரண்டு தலைநிமிர்ந்தார்கள் என்பதும், திண்டுக்கல்லில் வழக்கறிஞராக இருந்த டி. செல்வராஜ் 2010-இல் வெளியிட்டு, 2012-இல் சாகித்ய அகாடமி பரிசு பெற்ற ‘தோல்’ நாவலின் விஷயமாகும். மாசு நீரையும் மண்ணையும் சேருமுன் மனித உடம்பைச் சேர்கிறது என்ற உண்மையை அந்நாவல் அளவுக்கு விளங்க வைத்த பாடப்புத்தகம் எதையும் நான் கண்டதில்லை.

ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட காலம் மாறி, குரோமிய உப்புகள் புகுந்த பின், குழியில் இருந்த துன்பம் நிலத்தடி வழியே வெளியேறிற்று. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி வழங்கிய தீர்ப்பில், திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு இடம்பெற்றுள்ளது: குடிப்பதற்கும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. மாசுபடுத்தியவனே அதன் செலவைச் சுமக்க வேண்டும் என்ற நியாயமும், தீங்கு வருமுன் தடுக்க வேண்டும் என்ற நியாயமும் இந்நாட்டுச் சட்டத்தில் அடங்கியவை என்று அத்தீர்ப்பு உறுதி செய்தது. திண்டுக்கல் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றின்மேலும் 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதே ஆண்டு டிசம்பரில், காந்திகிராமத்தோடு நெருங்கிய தொடர்புடைய சர்வோதயத் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிரான தீர்ப்பு வந்தது. காந்தீய நெறியின் பழைய குறை இவ்விடத்தில் ஓரளவு தீர்ந்தது என்றே சொல்ல வேண்டும்.

பாடப்புத்தக நெறியைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. எம். சி. மேத்தா வழக்கில் 1991-இலும் 2003-இலும் உச்ச நீதிமன்றம் இட்ட கட்டளைகளால் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாயிற்று. அது பெரும் பேறு. ஆனால் அப்பாடத்தில் மாசுக்குக் காரணம் பெரும்பாலும் ‘மனிதன்’ என்ற பொதுப் பெயராலேயே குறிக்கப்படுகிறது. குழியில் இறங்கியவனும், ஷாப்பின் உடைமையாளனும், அத்தோலிற் செய்த காலணியைத் தூர தேசத்தில் வாங்கி அணிந்தவனும், பருப்பு வேகாத தண்ணீரோடு போராடிய உழவன் மனைவியும் அந்த ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறார்கள். மண்ணரிப்புக்குக் குடியானவனின் அறியாமையைக் குறைசொல்லாமல், நில உரிமையையும் சந்தையையும் அரசையும் ஆராயச் சொல்லி 1985-இல் நூல் எழுதிய பியர்ஸ் பிளெய்க்கியும், நெல்வயலிலிருந்து எழும் வாயுவையும் செல்வர் மோட்டாரிலிருந்து எழும் புகையையும் ஒரே தராசில் நிறுப்பது அநியாயம் என்று 1991-இல் வாதிட்ட அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் கண்டித்தது இந்தப் பொதுமைப்படுத்தலைத்தான்.

ஆகவே, எந்த நெறியையும் நாம் உரைத்துப் பார்க்க வேண்டிய கல் இது: கெடுத்தவர் யார், அதனால் இலாபம் பெற்றவர் யார், கேட்டைச் சுமப்பவர் யார் என்று மாணவன் கேட்கும்படி அது செய்கிறதா? இக்கேள்வி எளிதன்று. ஷாப்பை மூடினால் உழவனின் கிணற்றுக்கு நீதி. குழித் தொழிலாளியின் அடுப்புக்கோ அன்றே கேடு. சுத்திகரிப்பு நிலையம் குரோமியத்தைப் பெருமளவு பிடித்துவிடும். கரைந்த உப்பைச் சாதாரண முறையில் பிடிப்பதற்கில்லை. இவ்விரு ஏழைகளையும் எதிரெதிரே நிறுத்தாமல் பாடம் நடத்தும் திறமை வாய்ந்த ஆசிரியருக்கு இவ்வட்டாரத்தைவிடச் சிறந்த வகுப்பறை கிடைப்பது அரிது.

தட்பவெப்பக் கல்விக்குத் தமிழக அரசு இப்போது ஊக்கம் காட்டிவரும் வேளையில், ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்துப் பள்ளிகளின் பசுமைப் படையினர் அதே 13 கிராமங்களுக்கு நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரோடு சென்று, கிணற்றுக்குக் கிணறு நீரை அளந்து, எந்த ஆண்டோடு அதைக் குடிப்பது நின்றது, இன்று குடம் தண்ணீர் என்ன விலை, கிணறு கெட்டதற்கு நட்ட ஈடு யார் கைக்கு வந்தது, குத்தகைக்கு உழுதவனுக்கு ஏதேனும் கிடைத்ததா என்று வீட்டாரிடம் விசாரித்து எழுதி வரட்டும். அவ்வேட்டை அந்தந்தக் கிராம சபையிலேயே வாசிக்கச் செய்யட்டும்.