கணக்கேட்டில் மட்டும் மிஞ்சிய நாடகங்கள்

1605ஆம் ஆண்டு பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் முன் ‘வெனிஸ் வணிகன்’ நடந்தது. செவ்வாயன்று அதையே மறுபடி போடச் சொன்னார் மன்னர். நடுவில் வந்த திங்களன்று, மன்னரின் பெயர் தாங்கிய அதே குழு ‘ஸ்பானிஷ் மேஸ்’ என்றொரு துன்பியல் நாடகத்தை நடித்தது. வணிகனை உலகமே படிக்கிறது. மேஸில் ஒரு வரிகூட மிஞ்சவில்லை.

‘மேஸ்’ மன்னருக்குப் பிடிக்காததால்தான் வணிகனைத் திரும்பக் கேட்டார் என்று ஊகிப்பது எளிது. கணக்கேடு அப்படிச் சொல்லவில்லை. வணிகன் பிடித்திருந்தது என்பதைத் தவிர அந்தக் குறிப்பிலிருந்து எதையும் கறக்க முடியாது. அரசவையில் நடந்து தொலைந்துபோன நாடகங்களைப் பற்றிய ஆய்வில் பாதிக்கு மேல் இந்தக் கட்டுப்பாட்டைக் கற்றுக்கொள்வதுதான்.

நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகைக் கணக்குகள். முதலாவது, அரண்மனைக் கேளிக்கைகளைக் கவனித்த ரெவல்ஸ் அலுவலகத்தின் கணக்கு. துணி, பசை, மெழுகுவத்தி, தச்சர் கூலி என்று போகும் பட்டியலுக்கு நடுவே நாடகத் தலைப்பும் வரும். இரண்டாவது, அரண்மனைக் கருவூலத்தின் சம்பளக் கணக்கு. அதில் குழுவின் பெயரும் தொகையும் இருக்கும்; தலைப்பு பெரும்பாலும் இருக்காது. ஒரு நாடகத்துக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ். அரசியோ மன்னரோ நேரில் பார்த்தால் மேலும் 3 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ் வெகுமதி. ஆக முழுதாகப் பத்துப் பவுண்டு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கித் தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாய் வரை அரசவையின் நாடகப் பருவம். 1579இல் ரெவல்ஸ் தலைவரான எட்மண்ட் டில்னி, குழுக்களை வரவழைத்து ஒத்திகை பார்த்து, தேறியதை மட்டுமே எலிசபெத் அரசியிடம் அனுப்பினார். ஆனால் அவர் அலுவலகம் பிரதிகளைச் சேர்த்து வைக்கவில்லை. பிரதி குழுவின் சொத்து. அச்சுக்குப் போனால் பிழைத்தது. மன்னர் ரசித்தார் என்பதற்காக எந்த நாடகமும் காப்பாற்றப்படவில்லை.

கணக்குகளில் மிகச் செழிப்பானவை 1570களுக்கு உரியவை. 1576-77 பருவத்தில் எலிசபெத் அரசி பார்த்த நாடகங்களின் தலைப்புகளைப் பாருங்கள்: ‘ஓவியன் மகள்’, ‘தனித்த வீரன்’, ‘ஐரிஷ் வீரன்’, நாய்த்தலை மனிதர்களைப் பற்றிய ‘சைனோசெஃபலை’. அத்தனையும் போய்விட்டன. 1579 மார்ச் 1ஆம் தேதி வாரிக் பிரபுவின் ஆட்கள் ‘எரியும் பாறையில் வீரன்’ என்பதை நடித்தார்கள். கதை தெரியாது, பாறை தெரியும். அது எரிய ‘அக்வா வீட்டே’ என்ற சாராயம் வாங்கியிருக்கிறார்கள். அந்த நெடியை அடக்கப் பன்னீர் வாங்கியிருக்கிறார்கள். அரசியின் மூக்கைப் பற்றிய அக்கறை எழுத்தரின் பேனாவில் ஏறியிருக்கிறது. வீரன் பேசிய வசனம் ஏறவில்லை. ஆனாலும் மேடையில் நிஜமாகவே தீ எழுந்தது, கூடத்துக்குள் நெடி பரவியது என்று இந்த ஒரு செலவுக் குறிப்பு சொல்லிவிடுகிறது. அச்சான பல நாடகங்களைப் பற்றி நமக்கு இவ்வளவுகூடத் தெரியாது.

அதே காலத்தில் ஸ்டீபன் காஸன் என்ற நாடக எதிர்ப்பாளர், காதல் வயப்பட்ட வீரன் நாடு நாடாக அலைந்து பழுப்புக் காகிதப் பூதங்களோடு சண்டையிடும் நாடகங்களைக் கேலி செய்தார். அவர் திட்டிய வகையில் முழுதாக நம் கையில் இருப்பவை ‘கிளையமனும் கிளாமிடிஸும்’, ‘காமன் கண்டிஷன்ஸ்’ போன்ற ஓரிரண்டே. பிழைத்தவற்றை மட்டும் வைத்து வரலாறு எழுதியவர்கள், நாடகாசிரியர் மார்லோவுக்கு முந்தைய பத்தாண்டைக் கிட்டத்தட்டப் பாலைவனமாகக் காட்டினார்கள். பாலைவனம் அவர்களுடைய அலமாரியில்தான் இருந்தது. அரசவைக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், வீரசாகசக் கதைதான் அன்றைய நடுத்தெரு.

இந்தத் துறைக்கு ஒரு பழைய வியாதி உண்டு: தொலைந்த நாடகம் எதைப் பார்த்தாலும் ஷேக்ஸ்பியரின் அடுப்புக்கு விறகாக்கிவிடுவது. 1577 புத்தாண்டு இரவு செயின்ட் பால் பள்ளிச் சிறுவர்கள் நடித்த ‘பிழையின் கதை’ உடனே ‘பிழைகளின் நகைச்சுவை’க்கு மூலமானது. 1585இன் ‘ஃபெலிக்ஸும் ஃபிலியோமினாவும்’ ‘வெரோனாவின் இரு கனவான்களு’க்கு, 1583இன் ‘அரியோடான்டேயும் ஜெனிவோராவும்’ ‘மச் அடோ’வுக்கு. பின்னிரண்டிலும் கதையொற்றுமைக்கு ஆதாரம் உண்டு, மறுப்பதற்கில்லை. முதலாவதில் ஒரு சொல் ஒத்துப்போகிறது, அவ்வளவே.

1612-13 பருவம் வேறு மாதிரி. மன்னர் மகள் எலிசபெத்தின் திருமணத்தை ஒட்டி மன்னர் குழு இருபது நாடகங்களைக் கொடுத்தது. பதினான்குக்கு ஒரு ரசீது, ஆறுக்கு இன்னொன்று. ‘டெம்பெஸ்ட்’, ‘குளிர்காலக் கதை’, ஒதெல்லோ, ‘ஆல்கெமிஸ்ட்’ உள்ள அதே வரிசையில் ‘முட்டாள்களின் முடிச்சு’, ‘இரட்டையர் துன்பியல்’, ‘நோபிள்மேன்’, ‘கெட்ட தொடக்கம் நல்ல முடிவு’ ஆகியவையும் நிற்கின்றன. ‘கார்டென்னோ’வும் அங்கேதான் இருக்கிறது. டான் குயிக்ஸோட்டிலிருந்து எடுத்த கதை. 1613 ஜூன் 8 அன்று சவாய் நாட்டுத் தூதர் முன் மறுபடி நடந்தது. 1653இல் பதிப்பாளர் மோஸ்லி அதை ஃபிளெட்சரும் ஷேக்ஸ்பியரும் எழுதியதாகப் பதிவு செய்தார், அச்சிடவில்லை. 1727இல் தியோபால்ட் மேடையேற்றிய ‘இரட்டைப் பொய்’யில் அதன் மிச்சம் எவ்வளவு என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஓயாமலே இருக்கட்டும்.

எனக்கு ‘நோபிள்மேன்’தான் பிடித்தமான புதிர். சிரில் டர்னர் எழுதியது. அரசவை அதை அடுத்தடுத்த இரண்டு பருவங்களில் பார்த்தது. அச்சிடுவதற்காக 1612லேயே பதிவும் ஆனது, அச்சாகவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வார்பர்ட்டன் என்ற சேகரிப்பாளர், தம் சமையற்காரி எரித்தும் பணியாரத்துக்கு அடித்தாளாகப் போட்டும் தீர்த்த கையெழுத்துப் பிரதிகளுக்கு ஒரு பட்டியல் எழுதி வைத்தார். அதில் ‘நோபிள்மேன்’ இருக்கிறது. பாவம் அந்தப் பெண், நெடுங்காலம் வசை வாங்கினாள். 1911இல் ஆய்வாளர் டபிள்யூ. டபிள்யூ. கிரெக், அந்தத் தலைப்புகளில் பலவும் வார்பர்ட்டன் கையில் இருந்த பிரதிகளல்ல, அவர் தேட எண்ணிக் குறித்து வைத்த பெயர்களாக இருக்கலாம் என்று வாதிட்டார். இல்லாத தாளை யாரும் எரித்திருக்க முடியாது.

ஆவணங்களும் சும்மா இருக்கவில்லை. 1604-05 கணக்கை 1842இல் வெளியிட்ட பீட்டர் கன்னிங்ஹம், 1868இல் அசல் ஏட்டையே விலைக்கு விற்கப் பார்த்ததால், அது போலி என்ற பழி விழுந்தது. ‘மேஸ்’ கூடச் சந்தேகத்துக்குள்ளானது. 1911இல் எர்னஸ்ட் லா அந்த ஏட்டுக்காக வாதாடினார். பிறகு நடந்த சோதனைகளும் அதை அசல் என்றே உறுதிசெய்தன.

எலிசபெத் காலக் கணக்குகளை 1908இல் ஃபேயராவும், அரங்க வரலாற்றை 1923இல் ஈ. கே. சேம்பர்ஸும் அச்சில் தந்தார்கள். 2009இல் ராஸ்லின் நட்ஸனும் டேவிட் மெக்கின்னிஸும் தொடங்கிய, தொலைந்த நாடகங்களுக்கான இணையத் தரவகம், ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியது. மெக்கின்னிஸின் கணக்கில், 1567 முதல் 1642 வரை வணிக அரங்குகளுக்காக எழுதப்பட்டுப் பிழைத்தவை 543. பெயரளவிலாவது அடையாளம் தெரியும் தொலைந்தவை 744. இந்த விகிதத்தைப் பார்த்த பிறகு, பிழைத்ததை மட்டும் அளந்து ‘அக்காலப் போக்கு’ என்று எழுதுபவர்களை முன்போல் நம்ப முடிவதில்லை. மார்ட்டின் விக்கின்ஸின் பல தொகுதி அட்டவணை, பிழைத்தவற்றையும் தொலைந்தவற்றையும் ஆண்டு வரிசையில் ஒரே மதிப்போடு அடுக்கியிருக்கிறது. ஒரு பருவத்தில் அரசவை என்ன பார்த்தது என்று முழுதாகப் பார்க்க அதுவே சரியான வழி.

ஆனாலும் எந்த அட்டவணையையும் திணற வைக்கும் ஒரு பதிவு 1605 பிப்ரவரி 3க்கு உண்டு. அன்று ஒரு நாடகம் ஏற்பாடு செய்யப்பட்டு, நடக்காமல் திருப்பி அனுப்பப்பட்டது. எழுத்தர் அதற்குத் தலைப்பு எழுதவில்லை.