உதவியா, காத்திருப்பு வரிசையா?

படிக்கத் திணறும் பிள்ளைக்கு எப்போது உதவுவது என்ற கேள்விக்கு அமெரிக்கப் பள்ளிகள் நெடுங்காலம் வைத்திருந்த விடை கொடுமையானது: நன்றாகப் பின்தங்கிய பிறகு. 1975-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கல்வி உரிமையைக் கொடுத்தது. ஆனால் ஒரு பிள்ளைக்குக் கற்றல் குறைபாடு உண்டு என்று ஏற்பதற்கு, அதன் நுண்ணறிவுச் சோதனை மதிப்பெண்ணுக்கும் வாசிப்பு மதிப்பெண்ணுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கிறதா என்றே பெரும்பாலும் பார்த்தார்கள். ஒன்றாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும்தான் எழுத்துக் கூட்டுகிறார்கள். இடைவெளி எங்கே தெரியும்? மூன்றாம், நான்காம் வகுப்பில் தெரியும். அதற்குள் பிள்ளை தன்னை மக்கு என்று நம்பத் தொடங்கியிருக்கும். தோற்கும்வரை காத்திருக்கும் முறை என்று கல்வியாளர்களே இதைச் சொன்னார்கள்.

அந்தச் சட்டத்துக்கு வந்த 2004-ஆம் ஆண்டுத் திருத்தம் இதை அசைத்தது. இடைவெளிக் கணக்கை மாநிலங்கள் கட்டாயமாக்கக் கூடாது என்றது. கூட்டாட்சி அரசு தரும் சிறப்புக் கல்வி நிதியில் 15 சதவீதம் வரை, இன்னும் சிறப்புக் கல்விக்குள் வராத பிள்ளைகளுக்கும் செலவிடலாம் என்றது. திணறும் பிள்ளைக்கு உதவித் திட்டம் வகுக்கப் பள்ளிகளில் முன்பே இருந்த ஆதரவுக் குழுக்களுக்கு இதனால் புது வலு வந்தது. ஜார்ஜியா மாநிலத்தில், கறுப்பினப் பிள்ளைகள் அளவுக்கு மீறிச் சிறப்பு வகுப்புகளுக்குத் தள்ளப்படுவதை எதிர்த்து 1980-களில் நடந்த மார்ஷல் வழக்கின் பயனாக, அத்தகைய குழு எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமாகியிருந்தது.

இந்தக் குழுவின் அருமை, பலர் ஒரு பிள்ளையைச் சேர்ந்து பார்ப்பதில் இருக்கிறது. கவனமில்லாத பையன் என்று வகுப்பாசிரியர் சொல்லும்போது, அவன் கண் பரிசோதனைக்கே போகவில்லை என்பது செவிலியருக்குத் தெரிந்திருக்கலாம். வீட்டில் அவன் ஆங்கிலமே பேசுவதில்லை என்பது இன்னோர் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கலாம். நிமிடத்துக்கு எத்தனை சொற்களைப் பிழையின்றி வாசிக்கிறான் என்று குறித்து, எட்டு வாரம் கழித்து மறுபடி அளக்கிறார்கள். தனி ஆசிரியரின் எரிச்சலையோ இரக்கத்தையோ நம்பி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் கூட்டம் முடிந்து, திட்டம் தாளில் ஏறிய பிறகு, அந்த எட்டு வாரமும் பிள்ளையோடு உட்காரப் போவது யார்? முன்கூட்டியே உதவி கொடுத்து அளந்து பார்க்கும் இந்த முறையின் பலவீனம் இங்கேதான். 2015-இல் கூட்டாட்சிக் கல்வித் துறை வெளியிட்ட ஆய்வு, 13 மாநிலங்களின் 146 தொடக்கப் பள்ளிகளைப் பார்த்தது. உதவி தேவையா என்று முடிவு செய்யும் மதிப்பெண் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்து கூடுதல் உதவி பெற்ற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள், கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்களைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தார்கள். மிகவும் திணறும் பிள்ளைகளைப் பற்றி இந்த ஆய்வு எதையும் நிறுவவில்லை. அதை வைத்து முறையையே தூக்கி எறிவது தவறு. ஆனாலும் பல பள்ளிகளில் கூடுதல் உதவி, வகுப்பின் வாசிப்புப் பாட நேரத்திலேயே நடந்தது என்பதை மறக்க முடியாது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கினால் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?

இதைவிடப் பெரிய குற்றம் காலம் கடத்துவது. "இன்னும் ஆறு வாரம் பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு கல்வியாண்டைக் கரைத்துவிடலாம். சிறப்புக் கல்வி தேவையா என்று பார்க்கும் முழு மதிப்பீட்டைத் தள்ளிப்போட இந்த முறையைச் சாக்காக்கக் கூடாது என்று கூட்டாட்சி அரசு 2011-இல் மாநிலங்களுக்குக் கடிதமே எழுத வேண்டி வந்தது. டெக்சாஸில், சிறப்புக் கல்வி பெறுவோர் 8.5 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பதை மாநில நிர்வாகம் 2004 முதல் இலக்காக வைத்திருந்ததை 2016-இல் ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளிதழ் அம்பலப்படுத்தியது. அங்கே முன்கூட்டிய உதவி என்ற பெயரில் பிள்ளைகளின் மதிப்பீடு தாமதமானதையும் 2018-இல் கூட்டாட்சி அரசின் விசாரணை உறுதி செய்தது. தோற்கும்வரை காத்திருப்பதை ஒழிக்க வந்த முறையே காத்திருப்பு வரிசையாகிவிட்டது.

முடிவுத் தேதியும், பொறுப்பேற்கும் ஆசிரியரின் பெயரும் இல்லாத ஆதரவுத் திட்டத்தைத் திட்டமென்றே நான் ஏற்க மாட்டேன். அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளிக் குழு உங்கள் பிள்ளைக்கு உதவிக்கொண்டிருந்தாலும், முழு மதிப்பீட்டை எப்போது வேண்டுமானாலும் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நீங்கள் ஒப்புதல் தந்த 60 நாளுக்குள், அல்லது உங்கள் மாநிலம் வகுத்த கெடுவுக்குள், பள்ளி அதை முடிக்க வேண்டும். மதிப்பிட மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். தேதியிட்டு எழுதிக் கொடுங்கள், ஒரு படியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.